146 அதிகாரம் பாக்கி வைத்திருக்கும் சகோதரிக்கு

பர்மாவில் மோல்மீன் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

"சயாமா (பர்மீஸில் ஆசிரியை), எனக்கு வயது 41. வீட்டிலேயே தையல் வேலை. கணவர் நான்கு வருஷமாகத் தாய்லாந்தில் கட்டட வேலையில் இருக்கிறார். மகனுக்கு 15 வயது. மாமியாரும் எங்களோடுதான். அவர் முருகனைக் கும்பிடுகிறவர், சர்க்கரை நோயாளி, காலில் புண் இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து சபையில் வளர்ந்தவள். ஆனால் பெயருக்குத்தான் கிறிஸ்தவளாக இருந்தேன் என்று போன வருஷக் கடைசியில் மனதில் குத்தியது. இனி முழு இருதயத்தோடு ஆண்டவருக்காக வாழ வேண்டும் என்று முடிவெடுத்தேன். கணவரையும் மகனையும் அவர் காப்பாற்றும்படி, இந்த வருஷம் மூன்று தடவை வேதாகமத்தை வாசித்து முடிப்பதாகப் பொருத்தனை செய்தேன், ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டேன்.

"நாளுக்குப் பத்து அதிகாரம். ஒரு நோட்டில் கணக்கு வைக்கிறேன். இன்றைக்கு 146 அதிகாரம் பாக்கி நிற்கிறது. வாசிக்கும்போது மனம் எங்காவது போய்விட்டால் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து தொடங்குவேன். சில நாள் ஒரே அதிகாரம் ஏழெட்டு தடவை. இரவு ஒரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுகிறேன். 'வேதம் வாசிக்காமல் காலைச் சாப்பாடு கூடாது' என்று ஜெபக்குழுவில் மூத்த சகோதரி ஒருவர் சொன்னார். அதை மகனுக்கும் வைத்தேன். அவன் இப்போது வேதத்தைத் தொடுவதே இல்லை. வாசிக்கும் நேரத்தில் மாமியார் கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது. கணவர் எட்டு மணிக்குப் பேசினால் சீக்கிரம் போனை வைத்துவிடுகிறேன். ஜெபத்தில் உட்கார்ந்தால் ஆண்டவரைப் பற்றியே அசிங்கமான எண்ணங்கள் வருகின்றன. மன்னிப்பே இல்லாத பாவத்தைச் செய்துவிட்டேனா? இது வியாதியல்ல, பிசாசின் கட்டு, தையலை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தால் சரியாகும் என்கிறார் அந்தச் சகோதரி. எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், பர்மீஸ் வேகமாக வரும். ஆனால் அம்மா வாசித்த தமிழ் வேதம்தான் வேதம் என்று மனசு சொல்கிறது. சில இரவு, தூங்கினால் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. அந்த நோட்டை நான் என்ன செய்வது?"

அன்புச் சகோதரி,

விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று எழுதினீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். அந்த வரியை இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கணவரிடம், அல்லது கூடப் பிறந்தவர்களில் ஒருவரிடம், அல்லது போதகரின் மனைவியிடம். செத்துப்போக வேண்டும் என்றோ, அதற்கு வழி என்ன என்றோ யோசனை போகத் தொடங்கினால் காலைவரை காத்திருக்க வேண்டாம். அந்த இரவே பக்கத்து வீட்டை எழுப்புங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். இதைச் சொல்வதில் அவிசுவாசம் எதுவும் இல்லை. சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்னவர் எலியா தீர்க்கதரிசி. அவருக்குக் கிடைத்த பதில் என்ன என்று 1 இராஜாக்கள் 19இல் பாருங்கள். கண்டிப்பு வரவில்லை, வாசிக்கச் சொல்லவும் இல்லை. தூக்கம் கொடுக்கப்பட்டது. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கப்பட்டன. மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. போக வேண்டிய தூரம் அதிகம் என்று தூதன் சொன்னது அந்த இரண்டாவது சாப்பாட்டுக்கு எழுப்பும்போதுதான்.

நீங்கள் மூன்று மணி நேரம் தூங்குகிறீர்கள். வெறும் வயிற்றோடு வாசிக்கிறீர்கள். இப்படி மாதக்கணக்கில் போனால் எந்த மனமும் உடையும். உங்கள் மனம் கெட்டது என்பதால் இப்படி ஆகவில்லை.

ஆண்டவர் மேல் உங்களுக்குள்ள ஆசை உண்மையானது, அதைக் குறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த ஆசையின் மேல் ஒரு நோய் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் ஆலோசகர்தான், மருத்துவர் அல்ல. ஒரு கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டவும் கூடாது. என்றாலும் ஒரே அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, கணக்கு நோட்டு, விரட்ட விரட்ட வரும் அசிங்க எண்ணங்கள், தண்டனை வரும் என்ற பயம், இவை எல்லாம் சேர்ந்து வரும்போது அதற்கு மருத்துவத்தில் ஓசிடி என்று பெயர் உண்டு. கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே நோய் விசுவாசிகளிடம் ஜெபத்தையும் வேத வாசிப்பையும் பிடித்துக்கொள்வதுண்டு. முதலில் ஒரு பயம் வரும். பயத்தைத் தணிக்க ஒரு செய்கை. கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு பயம் இன்னும் பலமாகத் திரும்பும். அதிகாரத்தை மறுபடி தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பயத்துக்கு நீங்களே சோறு போடுகிறீர்கள்.

பக்திக்கும் இந்த நோய்க்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்று பலர் என்னைக் கேட்பார்கள். வேதத்தை மூடிய பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்பேன். மூடிவிட்டு எழும்போது வீட்டாரிடம் கொஞ்சம் பொறுமை கூடியிருந்தால் அது பக்தி. "அப்பாடா, இன்றைக்குத் தப்பித்தேன்" என்பது மட்டும் மிஞ்சினால் அது பயத்தின் வேலை.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கணவர் பக்கத்து நாட்டில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்கிறார். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஆண் பிள்ளை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் 18 வயது என்பது பிறந்தநாளாக மட்டும் இல்லை. உங்கள் மகனுக்கு இன்னும் மூன்று வருஷம்தான். இந்த இரண்டு பேரையும் காப்பாற்ற உங்கள் கையில் ஒன்றும் இல்லாதபோது, பத்து அதிகாரம் என்பது கையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டீர்கள். தாய் அப்படித்தான் செய்வாள். ஆனால் சகோதரி, அந்த நோட்டு மெல்ல மெல்ல ஒரு தாயத்தாகிவிட்டது. இன்றைக்கு எட்டு அதிகாரம்தான் முடிந்தது, ஆகவே கணவர் சாரத்திலிருந்து விழுந்துவிடுவார் என்று கணக்குப் பார்க்கிறவர் நம்முடைய பிதா அல்ல.

நோட்டும் மன்னாவும்

வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். மூன்று தடவை என்றால் 3567. நாளுக்குப் பத்து என்று சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அதிகாரம் என்ற பிரிவே வேதத்தை எழுதியவர்கள் வைத்தது அல்ல. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேடிப் பார்ப்பது சுலபமாக இருக்கட்டும் என்று போடப்பட்டது. வசன எண்கள் இன்னும் பிந்தியவை. புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள எண்கள் வந்தது 1551இல். 117ஆம் சங்கீதத்துக்கு 2 வசனம், 119ஆம் சங்கீதத்துக்கு 176. உங்கள் நோட்டில் இரண்டுக்கும் ஒரே ஒரு கோடுதான் விழும். பவுலின் நிருபம் வந்தபோது கொலோசெ சபையில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். அச்சு வரும்வரை சாதாரண விசுவாசியின் வீட்டில் வேதப் புத்தகமே கிடையாது. காதால் கேட்டதை வாயில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள். அவர்கள் எல்லாரும் அரைகுறை கிறிஸ்தவர்களா?

யாத்திராகமம் 16ஐ மட்டும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் கொடுத்த உணவான மன்னா அன்றன்றைக்கு வந்தது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. நாளைக்கு என்று எடுத்து வைத்தது புழுத்து நாறியது, ஓய்வுநாளுக்கு எடுத்து வைத்ததைத் தவிர. நேற்றுப் பொறுக்காத மன்னாவை இன்று சேர்த்துப் பொறுக்கும்படி அந்த அதிகாரத்தில் எங்கேயும் சொல்லவில்லை. பாக்கி என்ற சொல்லே அங்கே இல்லை. 146 என்று நீங்கள் எழுதி வைத்திருப்பது உங்களிடம் யாரும் கேட்காத கடன்.

காலைச் சாப்பாட்டு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அந்தப் பழக்கம் சில பேருக்கு ஒழுங்கைத் தந்திருக்கலாம், உங்களுக்கு வயிற்றெரிச்சலைத் தந்திருக்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் உழைத்து வந்தவர்களைப் பார்த்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். மறுதலித்த பேதுருவிடம் "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்டது அவர்கள் சாப்பிட்ட பிறகு. யோவான் 21:15 அந்த வரிசையைத் தெளிவாகவே சொல்கிறது. நாளைக் காலை முதலில் சாப்பிடுங்கள். மகனுக்கும் போடுங்கள்.

அந்த எண்ணங்கள்

கேட்கவே கூசும் எண்ணங்கள் ஜெபத்தில் வருகின்றன என்று எழுத உங்களுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைச் சொல்ல மாதக்கணக்கில் தயங்குவார்கள். வேண்டாத எண்ணம் எல்லார் மனதிலும் வந்து போகிறது. நமக்கு எது மிகவும் அருமையோ அதைத்தான் இந்த நோய் தேடிப் பிடிக்கும். குழந்தையை உயிராக நினைக்கும் தாய்க்கு, குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வரும். ஆண்டவரை நேசிக்கும் உங்களுக்கு இது வருகிறது. எண்ணம் வருவது வேறு, அதற்குச் சம்மதிப்பது வேறு. நீங்கள் சம்மதித்திருந்தால் இப்படி அழுது எழுதியிருக்க மாட்டீர்கள்.

மாற்கு 3இல் மன்னிப்பே இல்லாத பாவத்தைப் பற்றிய அந்தக் கடுமையான வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது என்றும் பாருங்கள். இயேசு பிசாசுகளைத் துரத்துவதைக் கண்ணால் கண்டும், அவர் அசுத்த ஆவி பிடித்தவர் என்று நிதானமாகச் சொன்ன வேதபாரகருக்கு. அவர்களுக்குப் பயமே இருக்கவில்லை. உங்கள் பயமும் அவர்கள் மனமும் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

எண்ணம் வந்தால் சண்டை போட வேண்டாம். அதற்காக மன்னிப்புக் கேட்டு ஜெபத்தை முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். "வந்திருக்கிறாயா, சரி" என்று விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். முதல் வாரங்களில் நெஞ்சு படபடக்கும். அதைத் தாங்கிக்கொண்டு இருப்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி.

மருத்துவரையும் இந்த வாரமே பாருங்கள். தூக்கம், படபடப்பு, திரும்பத் திரும்ப வாசிப்பது, சாக வேண்டும் போன்ற எண்ணம், நான்கையும் ஒரு தாளில் பர்மீஸில் எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் தாளை நீட்டினால் போதும். ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் இதற்கு உண்டு. ஓசிடிக்கு அவை நன்றாக வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் கூட ஆகலாம். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். கடையில் நீங்களாகவே வாங்கிப் போடவும் வேண்டாம், மருத்துவர் சொல்லாமல் திடீரென்று விடவும் வேண்டாம். மாமியாரின் சர்க்கரைக்கு மாத்திரை கொடுப்பது அவிசுவாசம் என்று நீங்கள் நினைப்பதில்லையே. பிசாசின் கட்டு என்று சொல்லி மருந்தைத் தடுப்பவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் தினந்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று வேதம் பாராட்டுகிறது. ஜெபக்குழுச் சகோதரி சொன்னதை நீங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை.

உங்கள் ஊரில் வாழ்ந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மோல்மீனில் 1827இல் ஆரம்பித்த பாப்திஸ்து சபையைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1813இல் ரங்கூன் வந்தவர். 1823இல் பர்மீஸ் புதிய ஏற்பாட்டை முடித்தார். அடுத்த வருஷம் ஆங்கிலேயரோடு போர் மூண்டதும் பர்மிய அரசின் அப்போதைய தலைநகரான ஆவாவில் அவரைச் சிறைப்பிடித்தார்கள். அந்தக் கைப்பிரதியை அவர் மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். வேதம் தலைக்கு அடியிலேயே இருந்தது, பிரித்து வாசிக்கத்தான் வழியில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்திய கதை. 1826இல் ஆன் இறந்தார், சில மாதத்தில் இரண்டு வயது மகளும் போய்விட்டாள். அப்புறம் ஜட்சன் தன்னையே வதைக்கத் தொடங்கினார். தமக்குக் கொடுத்த பட்டத்தைத் துறந்தார். பாராட்டி வந்த கடிதங்களை அழித்தார். காட்டில் குடிசை போட்டுத் தனியே இருந்தார். தமக்கென்று ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டடையவில்லை என்ற பொருளில் 1829இல் எழுதினார். இன்றும் பர்மாவில் லட்சக்கணக்கானோர் வாசிக்கும் வேதத்தைத் தந்தவர் எழுதிய வார்த்தை இது. அவரை அரைகுறை கிறிஸ்தவர் என்று நீங்கள் சொல்வீர்களா? அந்த இருட்டு ஒரே நாளில் விலகவில்லை. நண்பர்கள் விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மொழிபெயர்ப்பு வேலைக்குத் திரும்பினார். 1834 ஜனவரி 31 அன்று மோல்மீனில் பழைய ஏற்பாட்டையும் முடித்தார். வேதத்தை முழுவதும் கையால் எழுதியவருக்கே அது தலைவலி மாத்திரையைப் போல உடனே வேலை செய்யவில்லை, சகோதரி. உங்களுக்கும் நாளாகும்.

வாசிப்பை எப்படி வைத்துக்கொள்வது

வாசிப்பை விட்டுவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் வாசியுங்கள். ஆனால் வேறு மாதிரி.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நாளுக்கு எட்டு வசனம் போதும், மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். போனில் 15 நிமிஷத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் மூடிவிடுங்கள், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி. மனம் அலைந்ததா? திரும்பி வந்த இடத்திலிருந்து தொடருங்கள், பின்னால் போகாதீர்கள். ஒரு நாள் விட்டுப்போனால் அது போனது போனதுதான். மறுநாள் அன்றைய எட்டு வசனம் மட்டும். இதை நாலு மணிக்கு எழுந்து செய்ய வேண்டாம். ஆறு மாதத்துக்கு இரவு பத்து மணிக்குப் படுக்கை என்பதையும் உங்கள் பக்தியின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மொழியில் என்று கேட்டீர்கள். உங்களுக்குச் சட்டென்று புரியும் மொழியில். புதிய ஏற்பாடு எழுதப்பட்டது சந்தையிலும் வீட்டிலும் பேசிய கிரேக்கத்தில். அம்மா கையில் இருந்த தமிழ் வேதமும் மொழிபெயர்ப்புதான். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த மிஷனரி சீகன்பால்கு தமிழ் படித்து, 1715க்குள் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். பிறகு ஃபப்ரிஷியஸ், இன்னும் பலர் திருத்தித் திருத்தி வந்தது நாம் வாசிக்கும் பழைய திருப்புதல். யாரோ ஒருவர் ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று பாடுபட்டதால்தான் அம்மாவுக்கு அது கிடைத்தது. நீங்கள் பர்மீஸில் வாசித்தால் அம்மாவை விட்டு விலகியதாக ஆகாது. காலையில் பர்மீஸில் வாசியுங்கள். இரவில் அம்மாவுக்குப் பிடித்த ஒரு சங்கீதத்தைத் தமிழில் மெதுவாக, எழுத்துக்கூட்டியே வாசியுங்கள். பிள்ளைப் பிராயத்தில் கேட்ட மொழி நெஞ்சில் வேறொரு இடத்தைத் தொடும், அதை இழக்க வேண்டாம்.

முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும்" தியானமாயிருக்கிற மனுஷனைப் பற்றி வருகிறதே, அங்கே உள்ள எபிரெயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். இரையின் மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும், புறா குனுகுவதற்கும் ஏசாயா அதே சொல்லைத்தான் வைத்தார். அசையாமல் உட்கார்ந்து பத்து அதிகாரம் முடிப்பது அந்தச் சொல்லில் இல்லை. என் அம்மா 121ஆம் சங்கீதத்தைத் தேங்காய் துருவிக்கொண்டே சொல்வார். துருவி முடிவதும் சங்கீதம் முடிவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கரண்ட் இல்லாமல் மிஷினைக் காலால் மிதிக்கும் நேரம் உங்களுக்கு நிறைய இருக்குமே. காலையில் வாசித்த எட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மிதியுங்கள். எத்தனை தடவை சொன்னீர்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "தேவனோடு இருக்கும்போது அத்தை கூப்பிட்டுக் கெடுக்கிறார்" என்று எழுதியிருந்தீர்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய உதவியை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கையாகிவிட்டது என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு மாற்கு 7இல் என்ன சொன்னார் என்று வாசியுங்கள். தேவனுக்கு என்று ஒதுக்கியதைக் காட்டி வீட்டில் இருப்பவரைத் தவிக்க விடுவதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. முழு இருதயத்தோடும் தேவனிடம் அன்புகூரு என்பதை முதல் கட்டளையாகச் சொன்னவர், யாரும் கேட்காமலே பிறனிடம் அன்புகூருவதையும் கூடவே சேர்த்துச் சொன்னார். உங்களுக்கு மிகவும் பக்கத்தில் படுத்திருக்கும் பிறன் உங்கள் அத்தைதான்.

சர்க்கரை நோயாளியின் கால் புண் காத்திருக்காது. வலி தெரியாமலே உள்ளே பரவும், கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும்படி ஆகலாம். கட்டு மாற்றுவது, பாதத்தைத் தினமும் வெளிச்சத்தில் பார்ப்பது, நிறம் மாறினாலோ நாற்றம் வந்தாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோவது, இவை வாசிப்புக்கு முன்னால் வர வேண்டிய வேலைகள். அவரைச் சைக்காவில் (மூன்று சக்கர மிதிவண்டியில்) ஏற்றி முருகன் கோயில் வாசல்வரை கொண்டுபோய் விடுவது பாவமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2 இராஜாக்கள் 5இல், ஆண்டவரை நம்பத் தொடங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான் இதைப் போல ஒன்றைத்தான் கேட்டான். என் எஜமான் ரிம்மோன் கோயிலில் பணியும்போது என் கைமேல் சாய்வாரே, அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று. எலிசா தீர்க்கதரிசி வாதம் பண்ணவில்லை, "சமாதானத்தோடே போ" என்றார்.

மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். சுற்றி வளைக்காமல், "சாப்பாட்டை நிறுத்தியது தப்பு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லுங்கள். இப்போதைக்கு வேதத்தைக் கையில் திணிக்காதீர்கள். உபாகமம் 6 பிள்ளைகளிடம் வசனத்தைப் பேசச் சொல்வது வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும். அப்படி நடக்கிற வழியில் அவன் ஏதாவது கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். 15 வயதுப் பையனுக்குத் தாயிடமிருந்து அது பெரிய விஷயம்.

கணவருக்கு எட்டு மணி உங்களுடைய நேரம். அங்கே அவருக்கு வேறு யாரும் இல்லை.

பொருத்தனையும் தையலும்

பொருத்தனையை நிறைவேற்றாவிட்டால் தண்டனை வருமே என்ற பயம் உங்களைத் தின்கிறது. வேதம் பொருத்தனையை லேசாக எடுத்துக்கொள்வதில்லை, உண்மைதான். ஆனால் லேவியராகமம் 27:8ஐப் பாருங்கள். பொருத்தனை செய்தவன் அந்த அளவைச் செலுத்த முடியாத ஏழையாக இருந்தால் ஆசாரியன் முன்னால் வந்து நிற்கட்டும், அவன் திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் அளவைக் குறைக்கட்டும் என்கிறது. உங்கள் போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நோய் வந்திருக்கிறது, முடியவில்லை என்று சொல்லுங்கள். அவர் உங்களோடு ஜெபித்து, அந்தப் பொருத்தனையை ஆண்டவர் கையில் ஒப்படைத்து முடித்து வைக்கட்டும். ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பப் போய் "சரியாகிவிட்டதா ஐயா" என்று கேட்பதும் இந்த நோயின் வேலையே. அவர் மருந்தைத் தடுக்கிறவராக இருந்தால் வேறொரு போதகரைப் பாருங்கள்.

தையலை விடாதீர்கள். இந்த நிலையில் வருமானத்தையும் விட்டால் கடன் சேரும், பயம் கூடும், ராத்திரி ஜெபங்களில் தூக்கம் இன்னும் போகும். ஊழியத்துக்கான அழைப்பு உண்மையானால் நீங்கள் சுகமான பிறகும் அது இருக்கும், ஒரு வருஷம் கழித்து யோசிக்கலாம். அதுவரை அப்போஸ்தலர் 9இல் தொற்காளைப் பாருங்கள். அவள் பிரசங்கம் பண்ணினதாக ஒரு வரியும் இல்லை. அவள் இறந்தபோது யோப்பா பட்டணத்து விதவைகள் பேதுருவைச் சுற்றி நின்று அழுதுகொண்டு காட்டியது, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்.

ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். எத்தனை வசனம் வாசித்தீர்கள் என்று எழுத வேண்டாம். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மருத்துவர் என்ன சொன்னார், அத்தையின் கால் எப்படி இருக்கிறது, மகன் பேசினானா என்று எழுதுங்கள்.

அந்த நோட்டில் எழுதிய பக்கங்களைப் போதகரிடம் போகும் அன்று கொண்டுபோய் அவரிடமே கொடுத்துவிடுங்கள். மீதிப் பக்கங்கள் வெறுமையாகத்தானே இருக்கின்றன. தைக்க வருகிறவர்களின் அளவு எழுதிக்கொள்ளுங்கள்.